எங்கள் சாப்பாட்டுக்கு எண்பது டன் அடுப்பு

எங்கள் இரும்பாலையைப் பார்க்க வெளியாட்கள் வந்தால் முதலில் உருக்கு வாளிகளின் மூடிகளைத்தான் காட்டுகிறார்கள். பளபளக்கும் தலைக்கவசம் மாட்டி வரிசையாக நிற்பவர்களிடம், இந்த மூடிகள் வந்த பிறகு எரிவாயு எவ்வளவு மிச்சமானது, கரியமில வாயு எவ்வளவு குறைந்தது என்று மேலாளர் கையை நீட்டி நீட்டிச் சொல்வார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். மேலே கிரேன் கூண்டில் உட்கார்ந்து இதைப் பார்க்கும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மூடியால் குறைந்தது உண்மைதான், நான் மறுக்கவில்லை. அந்த மூடிகளைத் தூக்கி வைப்பவனே நான்தான். ஆனால் மூடி போட்டும் குறையாமல் அடம்பிடித்த ஒரு காலம் இருந்தது. அதைச் சரி செய்தவர் என் சகலை. அவரைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. அதனால் நான் திறக்கிறேன்.

சகலை என்றால் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று மாமனார் இழுத்துக்கொண்டிருந்தபோது, 'பையன் நல்லாச் சாப்பிடுறான், நல்லவனாத்தான் இருப்பான்' என்று சிபாரிசு செய்தவர் அவர். அவருக்கு மனிதர்களை அளக்க அந்த ஒரு அளவுகோல்தான். ஆள் குள்ளம், தோள் அகலம். புருவம் கிடையாது. இத்தனை வருஷம் நெருப்புக்கு முன்னால் நின்றதில் அது கருகிப் போய், முளைத்து, மறுபடி கருகி, கடைசியில் முளைப்பதையே விட்டுவிட்டது. அதனால் எந்நேரமும் ஏதோ நல்ல செய்தி கேட்டு அசந்துபோனவர் மாதிரியே இருப்பார். இடது காதில் சொன்னால் பாதிதான் கேட்கும். ஆனால் 'பசிக்குது' என்று எந்தக் காதில் சொன்னாலும் முழுதாகக் கேட்கும்.

அவருடைய வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் ஆலையில் பழைய இரும்பை மின்சார உலையில் போட்டு உருக்குகிறோம். நசுங்கிய கார், துருப்பிடித்த சைக்கிள், இடித்த கட்டடத்தின் கம்பி எல்லாம் ஒரே குழம்பாகிவிடும். அதை ஏந்துவதற்கு லேடில் என்று ஒரு ராட்சத வாளி இருக்கிறது. எண்பது டன் பிடிக்கும். உள்ளே முழுக்கச் செங்கல் பதித்திருக்கும். உருகிய இரும்பை அதில் ஊற்றுவதற்கு முன்னால் அந்த வாளியும் செக்கச்செவேல் என்று சூடேறி இருக்க வேண்டும். ஆறிய வாளியில் ஊற்றினால் செங்கல் வெடிக்கும், இரும்பு உள்ளேயே உறைந்துபோகும். பிறகு தலையால் தண்ணீர் குடித்தாலும் அதை வெளியே எடுக்க முடியாது. ஆகவே லேடிலை ஒரு மேடையில் நிறுத்தி, மேலிருந்து பெரிய பர்னரால் நெருப்பை உள்ளே ஊதிக்கொண்டே இருப்பார்கள். அந்த மேடைதான் சகலையின் ராஜ்ஜியம். அதற்கு அதிகாரிகள் வைத்த பெயர் நீளமானது, எங்கள் வாயில் நுழையாது. நாங்கள் 'அடுப்படி' என்போம். அவர் அடுப்படி அண்ணன்.

அடுப்படி என்ற பெயர் சும்மா வரவில்லை. பர்னருக்குப் பக்கத்தில், அனல் அளவாக வந்து படுகிற உயரத்தில், சகலை ஒரு இரும்புத் தட்டை வெல்டிங் வைத்து நிறுத்தியிருந்தார். சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால் நாற்பது பேரின் டப்பாக்களும் அதில் ஏறிவிடும். யார் டப்பா எது என்று நசுங்கலைப் பார்த்தே சொல்வார். குழம்பு நடுவில், சோறு அதை ஒட்டி, முட்டை இருந்தால் ஓரத்தில். இடுக்கியால் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி வைப்பார். எவருடையதும் அடிப்பிடித்ததில்லை, எவருடையதும் ஆறிக் கிடந்ததில்லை. மணி அடித்ததும் எல்லாரும் அங்கே வந்து கவிழ்த்துப் போட்ட பலகைகளில் உட்காருவோம். அந்தக் காதைப் பிளக்கும் கொட்டகையில் மனிதக் குரல் கேட்கும் ஒரே இடம் அது. வார்ப்புக்காரருக்கும் வயர்மேனுக்கும் அடிக்கடி வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பு வரை போகும். ஆனாலும் அந்த இரண்டு பேரும் அங்கே ஒரே டப்பாவில் கை வைத்துச் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். சகலை எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் உட்காருவார்.

வீட்டில் கதையே வேறு. அக்கா சொல்வார்: "எண்பது டன் அடுப்பை ஏத்துற மனுஷன், ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சச் சொன்னா பொங்க விட்டுட்டுப் பார்த்துக்கிட்டு நிக்கிறார்." அது பொய்யில்லை, நானே பார்த்திருக்கிறேன். சின்ன நெருப்பு அவருக்குப் பிடிபடாது.

அவர்களுக்கு ஒரே மகன். கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் மேல் இருப்பான். அவன் கட்டிக்கொண்ட பெண் எரிசக்தி படித்தவள். கல்யாணமான கையோடு அவளுக்கு எங்கள் ஆலையிலேயே தற்காலிக வேலை கிடைத்தது. மாமனார், மாமியாரோடு இருந்துகொண்டு வேலைக்கு வந்தாள். வந்த புதிதில் சகலைக்கு அவளிடம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள், அவர் ஜன்னலைப் பார்ப்பார், அவள் போனைப் பார்ப்பாள். அவரிடம் இருந்த ஒரே பேச்சு 'சாப்டியாம்மா' என்பதுதான். அதைத்தான் காலை, மாலை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அதற்கு அவள், ஆறின சோறு தனக்கு இறங்குவதில்லை, பாதியைக் கொட்டிவிட்டேன் மாமா என்று போகிற போக்கில் சொல்லிவிட்டாள். அடுத்த நாளிலிருந்து அவளுடைய பச்சை மூடி டப்பாவையும் அவரே வாங்கிக்கொண்டார். எங்கள் உலையிலிருந்து எடுக்கும் இரும்பு மாதிரிகளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோக ஒரு வண்டி உண்டு. அவளுடைய அலுவலகம் ஆய்வகத்தை ஒட்டித்தான். டப்பாவைச் சூடாக்கித் தன் துண்டில் சுற்றி, அந்த வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புவார். மதியம் மூடியைத் திறந்தால் ஆவி பறக்கும். அவர் கேன்டீனில் கொடுத்துச் சூடு பண்ணி அனுப்புகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள், அவரும் விளக்கவில்லை. மாலையில் பஸ்ஸில் காலி டப்பாவை வாங்கிக் குலுக்கிப் பார்ப்பார். சத்தம் வராவிட்டால் அன்றைக்கு அவர் முகத்தில் புருவம் இருந்த இடம் இன்னும் கொஞ்சம் மேலே ஏறும்.

இப்படியே அந்த இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் பஸ்ஸில் இரண்டு பேரும் பேசுகிற பேச்சில் மற்றவர்கள் தூங்க முடியவில்லை. அவள் கரியமில வாயுவைப் பற்றிச் சொல்வாள், அவர் எவன் டப்பாவில் என்ன இருந்தது என்று சொல்வார். அக்காவுக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் எங்களிடம் இரும்பு வாங்குகிற கார் கம்பெனிக்காரர்கள் ஒரு புதுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு டன் இரும்பு செய்ய எவ்வளவு கரியமில வாயுவை வெளியே விடுகிறீர்கள், அதைக் குறைக்க என்ன செய்கிறீர்கள் என்று. எங்கள் மேலாளர் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் வழி கேட்டார். மருமகள் ஒரு யோசனை கொடுத்தாள். இரும்பை ஊற்றிவிட்டுக் காலியாகத் திரும்பும் லேடில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, அவ்வளவு சூடும் கூரைக்குப் போகிறது, அப்புறம் அதே சூட்டை ஏற்ற மறுபடி எரிவாயுவைக் கொட்டுகிறோம். வாளிக்கு ஒரு மூடி போட்டால் சூடு உள்ளேயே நிற்குமே என்றாள். வீட்டில் பாத்திரத்தை மூடி வைக்கிற எவருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆலையில் அதற்கு முன்னால் யாரும் செய்யவில்லை. சோதனை முயற்சி என்று அனுமதி கிடைத்தது. அடுப்படியின் எரிவாயு ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தால் மூடிகள் நிலைக்கும், அவள் வேலையும் நிரந்தரமாகும். குறையாவிட்டால் மூடியும் பழைய இரும்பு, அவள் ஒப்பந்தமும் அதோடு சரி. வேலை போனால் அவள் இங்கே இருந்து என்ன செய்வாள்? வேறு ஊருக்கு வேலை தேடிப் போக வேண்டியதுதான். சகலை என்னிடம் அதை ஒரே ஒருமுறைதான் சொன்னார். "வீடு வெறிச்சுன்னு ஆயிடும் சகலை" என்றார். அவருக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது.

மூடிகள் வந்தன. எனக்கு வேலை இரட்டிப்பானது, ஒவ்வொரு முறையும் மூடியைத் தூக்கு, இறக்கு, நகர்த்து. முனகிக்கொண்டேதான் செய்தேன். ஆனால் லேடில்கள் சூடு ஆறாமல் நின்றன. முன்பு அரை நாள் பர்னருக்குக் கீழே கிடந்தவை இப்போது எட்டிப் பார்த்துவிட்டு உலைக்குப் போயின. பர்னர் பல மணி நேரம் அணைந்தே கிடந்தது. சகலை கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டார், ஒரு நிமிஷம் அதிகமாக எரியவிடவில்லை.

இத்தனைக்கும் பிறகு மீட்டர் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை.

கொஞ்சம் இறங்கியது, ஆனால் போதவில்லை. அவளுடைய திரையில் எரிவாயு ஒரு கோடாகத் தெரியும். நாள் முழுக்கத் தாழ்ந்து ஓடுகிற கோடு, ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு தடவை மேடாக எழும்பி இறங்கியது. அந்த மேடுகள்தான் மொத்த மிச்சத்தையும் விழுங்கின. அவள் சாப்பாட்டு மேசையில் விரலால் அந்த மேட்டை வரைந்து வரைந்து காட்டுவாள். உங்க பர்னர்ல கசிவு இருக்குமா மாமா என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் சோப்புத் தண்ணீரும் கையுமாகக் குழாயின் ஒவ்வொரு மூட்டையும் தடவிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. மீட்டரைக் கழற்றிப் பார்த்தார்கள், அதுவும் சரியாகவே இருந்தது.

நாற்பது பேர் கண்ணுக்கு முன்னால் நடந்தது எங்களுக்கு ஏன் உறைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டிருக்கிறேன். யாரும் எதையும் ஒளிக்கவில்லை. முன்பெல்லாம் சாப்பாட்டு வேளையில் பர்னருக்குக் கீழே ஏதாவது ஒரு லேடில் இருக்கும். நெருப்பு அதற்காக எரியும், எங்கள் டப்பா ஓசியில் சூடாகும். மூடி வந்த பிறகு அந்த நேரத்தில் மேடை காலி. ஆனால் சகலையின் கை பழக்கத்தில் வால்வைத் திறந்தது. எண்பது டன் வாளியைச் சிவக்க வைக்கிற நெருப்பு, நாற்பது டப்பாவுக்காகத் தனியாக எரிந்தது. மற்ற ஷிஃப்டுகளில் இருந்த பர்னர்காரர்கள் அவரிடம் தொழில் கற்றவர்கள், அவர்களும் அதையே செய்தார்கள். கேஸ் எதற்குச் செலவாகிறது என்று கேட்டால் எங்களில் எவனும் 'லேடிலுக்கு' என்றுதான் சொல்லியிருப்பான். சாப்பாட்டைச் சூடாக்குவது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அதை யார் செலவில் சேர்ப்பார்கள்? மருமகளோ எங்கள் கொட்டகைக்கு எல்லா நேரமும் வந்திருக்கிறாள், அந்த ஒரு வேளையைத் தவிர. அந்த நேரத்தில் அவள் அலுவலகத்தில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

முடிவு சொல்லும் கூட்டம் நெருங்கிவிட்டது. ஒருநாள் மருமகள் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு, மேலிருந்து பார்க்கிறேன் சித்தப்பா என்று இரும்பு ஏணியில் ஏறி என் கூண்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். என் முக்காலியைத் துடைத்துக் கொடுத்தேன். அவள் உட்காரவில்லை, கண்ணாடியோடு ஒட்டி நின்று ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

கீழே சகலை வந்தார். வால்வைத் திறந்தார். பர்னர் குபீரென்று பிடித்தது.

"சித்தப்பா, மேடையில லேடிலே இல்லையே. மாமா எதுக்கு ஏத்துறார்?"

"சாப்பாட்டுக்கும்மா" என்றேன் சர்வசாதாரணமாக. சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

அவள் கையில் இருந்த போனில் கோடு விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. கீழே அவர் டப்பாக்களை அடுக்கினார், திருப்பினார். எல்லாம் வைத்த பிறகு தன் பையிலிருந்து பச்சை மூடி டப்பா ஒன்றை எடுத்தார். தட்டில் நல்ல இடமாகப் பார்த்து, வேறு யாருடையதையோ நகர்த்தி, அதை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் புறங்கையால் சூடு பார்த்தார். திருப்தி இல்லை. மறுபடி வைத்தார். பிறகு கழுத்துத் துண்டை உதறி, டப்பாவைச் சுற்றி முடிச்சுப் போட்டு, மாதிரி வண்டிக்காரரிடம் கொடுத்து, குலுங்காமல் கொண்டுபோ என்பது போலக் கையைக் காட்டினார்.

"அது என் டப்பா" என்றாள். முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "கேன்டீன்ல சூடு பண்றாங்கன்னு நெனச்சேன் சித்தப்பா."

அவள் அழுதுவிட்டாள். பெண்பிள்ளை அழுதால் நான் உருப்படியாக எதுவும் செய்ததில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவள் வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "இதை நான் அவர்கிட்ட சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாது. எனக்குச் சோறு சூடு பண்ணிக் கொடுத்ததாலதான் எனக்கு வேலை போச்சுன்னு தெரிஞ்சா அவர் தாங்க மாட்டார்."

சரி என்று தலையாட்டினேன். அவள் இறங்கிப் போனதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. படித்த பெண், காரணத்தைக் கையில் பிடித்துவிட்டாள், ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அதைச் சொல்லாமல் வேலையை விடப் போகிறாளாம். இப்படி ஒரு பாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்று முழுக்க நான் மூடிகளை டம் டம்மென்று போட்டதில் கீழே இருந்தவர்கள் என்னைத் திட்டினார்கள்.

வார விடுமுறையில் சகலை வீட்டுக்குப் போனேன். மருமகள் கடைக்குப் போயிருந்தாள், அக்கா உள்ளே வேலையாக இருந்தார். சகலை பின்வாசலில் குந்தியிருந்தார். பக்கத்தில் எண்ணெய்க் குப்பி. மடியில் மருமகளின் பெரிய பெட்டி, சக்கரம் மேலே பார்த்தபடி. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பரண்ல இருந்து இதை இறக்கி வைக்கச் சொல்லிச்சு. சக்கரம் கீச்சுன்னு கத்துது. ஸ்டேஷன்ல இழுத்துக்கிட்டுப் போறப்ப சங்கடமா இருக்கும்ல." தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை, கேட்கிற காதை, அதன் பக்கம் சாய்த்தார்.

கொடுத்த வாக்கு, மானம், மரியாதை எல்லாம் அந்தச் சக்கரத்தோடு சுற்றிப் போயின. எனக்கு இந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும், அதை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். நான் கூண்டில் பார்த்ததையெல்லாம் கொட்டிவிட்டேன்.

அவர் கை நின்றது. சக்கரம் மட்டும் தானாகச் சுற்றி அடங்கியது. நான் சொன்னது கேட்காத காதில் விழுந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

"அந்த மேடு நம்ம சாப்பாடா?" என்றார்.

"ஆமா சகலை."

"அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்க மனசு நோகும்னு வாயைத் திறக்கல."

அவர் எழுந்தார். பெட்டியைத் துணியால் துடைத்தார். உள்ளே போய் நாற்காலி போட்டு ஏறி, இறக்கின இடத்திலேயே அதைத் திரும்பத் தூக்கி வைத்தார். அதை ஏன் மறுபடி மேலே வைக்கிறீங்க என்று அக்கா கேட்டதற்கு, "சக்கரம் சரியில்ல, இது எங்கயும் போகாது" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சாப்பாட்டு வேளைக்கு முன்னால் டப்பாக்களோடு வந்தவர்கள் பார்த்தது குளிர்ந்து கிடந்த பர்னரை. தட்டையே காணோம். காலையில் வந்ததும் முதல் வேலையாகச் சகலை அதை அறுத்து எடுத்திருந்தார். இனிமேல் அடுப்பு லேடிலுக்கு மட்டும்தான் என்றார். மற்ற ஷிஃப்டுக்காரர்களிடமும் சொல்லியாகிவிட்டது. ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள். அவர் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் சாபம் அந்தப் பெண் மேல் விழும் என்று அவருக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷம் அவர் கையால் சூடாக வாங்கிச் சாப்பிட்டவர்கள் என்னென்ன பேசினார்கள் தெரியுமா? வார்ப்புக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். வயர்மேன், "மருமக ஆபீசர் ஆனதும் இவருக்குக் கொம்பு முளைச்சிருச்சு" என்றார். நான் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு எழுந்தேன். சகலை என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, "ஆறின சோறு உடம்புக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்கப்பா, ஒருநாள் சாப்பிட்டுத்தான் பாருங்களேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டில் இருந்த மேடு மறைந்தது. கூட்டத்தில் கணக்குத் தேறியது, கார் கம்பெனிக்காரர்கள் கைகுலுக்கினார்கள், மூடிகள் நிலைத்தன. மருமகளின் வேலை நிரந்தரமாகி, அந்தப் பெட்டி இன்றுவரை பரணில்தான் இருக்கிறது. திடீரென்று எப்படிக் குறைந்தது என்று மேலாளர் கேட்டபோது அவள் சகலையின் பெயரைச் சொல்லத்தான் நினைத்திருந்தாள். அவர் கூடவே கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார். நாற்பது பேரின் சாப்பாடும் இப்போது சூடாகத்தான் இருக்கிறது, அதற்கு ஒரு பிடி எரிவாயுகூடச் செலவில்லை. அது ஆரம்பித்தது அந்த முதல் நாள் மதியம்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நாங்கள் ஆறின டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தோம். சகலை எங்கேயோ போய்விட்டு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வந்து தன் டப்பாவைத் திறந்து உட்கார்ந்தார். சோறு விறைத்துக் கிடந்தது. ஒரு வாய் போட்டிருப்பார், கொட்டகை வாசலில் மருமகள் ஓடி வந்தாள். தலைக்கவசம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ஒரு கையில் போன், இன்னொரு கையில் துண்டு சுற்றிய பச்சை மூடி டப்பா. நேரே பர்னரிடம் போனாள். அது கறுத்துக் குளிர்ந்து கிடந்தது. தட்டு இருந்த இடத்தில் வெட்டின தழும்பு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. திரும்பி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம் சகலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். நான் சட்டென்று என் சோற்றைப் பிசைவதில் மும்முரமானேன்.

"மாமா, அடுப்பை ஏத்தினீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப இது எப்படிச் சூடா இருக்கு?"

சகலை மோவாயால் கொட்டகையின் மறுகோடியைக் காட்டினார். புதிதாக வார்த்த இரும்புக் கட்டிகளை ஆறப் போடும் இடம் அது. நீளம் நீளமாக, இன்னும் சிவப்பு அடங்காமல், இரவும் பகலும் யாருக்கும் பயன்படாமல் அனலை விட்டுக்கொண்டு கிடப்பவை. அங்கே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் அந்த ஒரே ஒரு டப்பாவை வைத்து, இடுக்கியால் திருப்பிக்கொண்டு அந்த வெக்கையில் காவல் நின்றிருக்கிறார். தன்னுடையதை அவர் எடுத்துப் போகவே இல்லை.

"அதுபாட்டுக்குச் சும்மாதானேம்மா ஆறிக்கிட்டுக் கெடக்கு" என்றார்.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவளைப் பார்த்து எங்கள் ஆட்களுக்கும் மெல்ல மெல்லப் புரிந்தது. வயர்மேன் வாயில் வைத்த கையை எடுக்கவில்லை.

"எனக்காகத்தானே எல்லாருக்கும் அடுப்பை அணைச்சீங்க? எல்லார் வாயிலயும் விழுந்தீங்க?" என்றாள். "அப்புறம் இதை எதுக்கு மாமா அனுப்பினீங்க?"

சகலை அவளை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு படித்த பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"அடுப்பைத்தானேம்மா அணைச்சேன்" என்றார். "உனக்கு ஆறின சோறு போடுவேன்னு எப்பச் சொன்னேன்?"